தப்பிய காடையைப் பிழைக்க வைத்தல்



கடிபட்ட காடையைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று இங்கே வந்து உட்காரும்போதே சிலர் யோசித்திருப்பீர்கள். ஆடு மாடு என்றால் சரி, கோழி என்றாலும் பரவாயில்லை. உள்ளங்கையில் அடங்குகிற காடைக்கு வைத்தியமா என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பூனை வாயிலிருந்தோ கீரி வாயிலிருந்தோ உயிரோடு மீட்ட காடை மறுநாளோ அதற்கடுத்த நாளோ செத்துப்போனால், நம் கண்ணில் பட்ட காயம்தான் அதைக் கொன்றது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல சமயம் அது தப்புக் கணக்கு. உடம்பு சில்லிட்டுப் போவது கொல்கிறது. பார்வைக்குத் தப்பிய பல்துளை வழியே உள்ளே போன கிருமி கொல்கிறது. பதறிப்போய் நாம் செய்கிற உபகாரமும் கொல்கிறது. முதல் இரண்டும் ஓரளவுக்கே நம் கையில் இருக்கின்றன, மூன்றாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆகவே கடிபட்ட காடைக்கு முதல் இரண்டு நாள் பார்க்க வேண்டிய வைத்தியத்தில் பெரும்பகுதி, கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான். செய்தே ஆக வேண்டியவை ஒன்றிரண்டு உண்டு, அவற்றுக்கு ஒரு வரிசையும் உண்டு. இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

நம் வீடுகளில் வளர்வது ஜப்பானியக் காடை. 1974-இல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்து இஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவிய பறவை. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நந்தனத்திலும் நாமக்கல்லிலும் இதில் தனி இரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. ஆறேழு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும், இடமும் அதிகம் கேட்காது. கறிக்கென்று வாங்கிய நாலைந்து காடைக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால், அதோடு அது கறியாவது நின்றுபோய் வீட்டோடு தங்கிவிடும். கூண்டு திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ இருக்கும். நம் பக்கத்தில் திருக்கோவிலூரிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் பார்த்தால் கரும்பும் நெல்லும் மரவள்ளியும்தான். கரும்புத் தோட்டம் உள்ள ஊரில் கீரியும் காட்டுப்பூனையும் உண்டு. பழைய ஓட்டு வீட்டில் மரநாய், சாக்கடையோரம் பெருச்சாளி. தெரு நாயும் பூனையும் எங்கேதான் இல்லை? கரும்பு வெட்டி முடிந்தால் ஒதுங்க இடமில்லாமல் சில பிராணிகள் ஊர்ப்பக்கம் நகர்வதும் இயல்பு. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்து வளர்ந்த காடைக்கு ஓடி ஒளியத் தெரியாது. காட்டு முன்னோரிடமிருந்து மிஞ்சியது ஒரு பழக்கம்தான்: மிரண்டால் நெட்டுக்குத்தலாக மேலே எகிறும். எகிறினால் கூண்டுக் கூரையில் மண்டை மோதும். பல்லே படாத காடைக்கும் உச்சந்தலைத் தோல் உரிந்து கிடப்பது இதனால்தான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் மண்டையோடு நொறுங்காதவரை, உரிந்த தோல் மூடிக்கொள்வதில் பறவைகள் கெட்டிக்கார ஜாதி.

கொஞ்சம் உடம்புக் கணக்குப் பார்ப்போம். வளர்ந்த காடை 150 முதல் 200 கிராம். அதன் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 12 மில்லிதான். ஒரு டீ ஸ்பூன் என்பதே 5 மில்லி. மனிதக் கண்ணுக்கு நாலு சொட்டாகத் தெரிவது காடைக்குப் பெரிய நஷ்டம். இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் சுத்தமான துணியால் விரல் நுனி அழுத்தம் கொடுத்து நிறுத்துவதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. அடுத்தது மூச்சு. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். தப்பி ஓடிவிடுமே என்று மார்பைச் சுற்றி இறுகப் பிடித்தாலும், கட்டுப் போடுகிறேன் என்று துணியைச் சுற்றினாலும், நாயிடமிருந்து காப்பாற்றிய காடையை நாமே மூச்சுமுட்ட வைக்கிறோம். நுரையீரலைத் தவிர உடம்பெங்கும் காற்றுப்பைகள் வேறு. அதில் ஒன்றைப் பல் துளைத்திருந்தால் தோலுக்கடியில் காற்று சேர்ந்து உப்பும். தொட்டால் மெத்தென்று அமுங்கி, நெறுநெறுவென்று இருக்கும். சீழ் என்று நினைத்து அதைக் கீறுகிறவர்கள் உண்டு. வேண்டாம். சின்ன உப்பலாக இருந்தால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும், பெரிதாகிக்கொண்டே போனால் மருத்துவர் ஊசியால் இறக்குவார்.

கிருமி விஷயம் இதைவிட வஞ்சகமானது. பூனையின் கோரைப்பல் குண்டூசி மாதிரி இறங்கி ஏறும். வெளியே தெரிவது இரண்டு புள்ளி, உள்ளே ஆழமான குழி. பூனையின் வாயில் சாதாரணமாகவே குடியிருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா அந்தக் குழிக்குள் போய்ச் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளில் இரத்தம் முழுக்க நஞ்சாகிவிடும். ‘ஒரு காயமும் இல்லை, நேற்று நன்றாகத் தின்றது, காலையில் பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது’ என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். பூனை வாயில் பட்ட பறவைக்குக் காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்குவது வெளிநாட்டுப் பறவை மீட்பு மையங்களில் நிலைத்துவிட்ட வழக்கம். காயத்தைத் தேடவும் ஒரு வழி இருக்கிறது. காடையைத் துணியில் தளர்வாகப் பொதிந்து வைத்துக்கொண்டு முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தொடை மடிப்பிலும் இறகை மெல்ல ஊதுங்கள். இறகு பிரிந்து தோல் தெரியும். வெளிறிய தோலில் சிவந்த புள்ளி ஒன்று தெரிந்தால், விரல்கடை தூரத்தில் அதன் ஜோடியும் இருக்கும். கூண்டில் இருந்த மற்றக் காடைகளையும் இப்படி ஒவ்வொன்றாக ஊதிப் பார்க்க வேண்டும். இதோடு இன்னொன்று. பறவையைப் பிடுங்கப் போய் நாயோ பூனையோ கீரியோ உங்கள் கையைக் கடித்தாலும் பிறாண்டினாலும், காடையை வைத்துவிட்டு முதலில் கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள். காடையிடமிருந்து அந்த நோய் நமக்கு வராது. அதைக் கடித்த பிராணியிடமிருந்து வரலாம்.

வரிசை என்று சொன்னேன் அல்லவா? இரத்தம் நின்றபின் முதலில் சூடு, பிறகு நீர், அதற்குப் பிறகுதான் தீனி. நாம் வழக்கமாகச் செய்வது நேர் எதிர். அடிபட்டதைக் கண்டதும் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுகிறோம், கம்பு மாவைக் கரைத்துப் புகட்டுகிறோம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. மயங்கிய காடைக்கு ஊற்றிய தண்ணீர் அதற்குள்தான் போகும். காடையின் இயல்பான உடம்புச் சூடு 41, 42 டிகிரி. அதிர்ச்சியில் அது இறங்கும்போது குடலும் வேலையை நிறுத்திவிடுவதால் தின்றது செரிக்காமல் புளித்துக் கிடக்கும். ஆகவே முதலில் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மேலே மூடி, ஆள் நடமாட்டமில்லாத அறை. பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் 30 டிகிரி அளவில் சூடு வேண்டும். சூடு மிஞ்சினால் காடை மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளட்டும். முன்பு 40 வாட் பல்பு போதும் என்போம். இன்று வீடெல்லாம் எல்இடி, அதில் சூடு வராது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பதே எளிது. கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையின் மார்கழியும் திருக்கோவிலூர் சித்திரையும் ஒன்றல்ல. அக்னி நட்சத்திரத்தில் பாட்டிலும் வேண்டாம் பல்பும் வேண்டாம், நிழலும் காற்றோட்டமும் போதும். காடை வாயைத் திறந்து இறக்கையை அகட்டி இரைத்தால் சூடு அதிகம் என்று பொருள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைக் கொடைமடம் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சிரித்திருக்கிறோம். அந்தப் பேகனைப் பாடிய கபிலர் கடைசியில் வந்து சேர்ந்தது நம் ஊர்த் தென்பெண்ணைக்குத்தான். அவர் பெயர் சொல்லும் குன்று இன்னும் ஆற்றுக்குள் நிற்கிறது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த மயிலுக்குப் போர்வை தேவையில்லை என்பது சரி. சில்லிட்டுப்போன பறவைக்கு அந்த யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பெட்டியை மூடிவிட்டால் ஒரு மணி நேரமாவது திறக்காதீர்கள். பிழைத்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பது நமக்குத்தான் ஆறுதல். காடைக்கு ஒவ்வொரு தரமும் இன்னொரு பூனை வந்த மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்த பிறகு, ஓ.ஆர்.எஸ். கரைசலை இங்க் ஃபில்லரால் அலகின் ஓரத்தில் சொட்டு வையுங்கள். தானாக விழுங்கினால் அடுத்த சொட்டு. தீனி அதற்கும் பிறகு.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும்: மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசித்தானே நம் பாட்டிமார் கோழியைக் காப்பாற்றினார்கள்? மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. நகம் முறிந்து இரத்தம் வரும்போது மஞ்சள்தூளோ மைதாவோ வைத்து அழுத்தினால் நிற்கும், செய்யலாம். தகராறு எண்ணெயில் இருக்கிறது. பறவைக்கு இறகுதான் கம்பளி. எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிப்போய் இடையில் காற்று நிற்காது, சூடு முழுக்க வெளியேறிவிடும். சூட்டுக்காகப் போராடும் பறவையின் கம்பளியை நாமே கழற்றி எறிந்ததாக ஆகும். பாட்டியின் கோழி ஒன்றரைக் கிலோ. அது தாங்கியதைக் காடை தாங்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பிழைத்த கோழிகளின் கதைதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது, பூசியும் செத்தவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காயத்தைக் கழுவ உப்புத் தண்ணீர் போதும்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. அல்லது பீட்டாடினை வெளிறிய டீத்தண்ணீர் நிறத்துக்கு நீர்த்துப் பயன்படுத்தலாம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நல்ல சதையையும் சேர்த்துத் தின்னும். நம் வெயிலில் திறந்த காயத்தில் ஈ மொய்க்க ஒரு மதியம் போதும்; வெள்ளை ரவையாக முட்டையிட்டு, ஒரு நாளைக்குள் புழுவாகும். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் காடைக்கு விஷம். புழுவை இடுக்கியால் பொறுக்கி எடுத்துக் கழுவுவதுதான் வழி. பெட்டி வீட்டுக்குள் கொசுவலைக்கு அடியில் இருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் மீந்த மாத்திரையில் கால்வாசியைப் பொடித்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்து, அந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்து, இந்தியாவில் அந்த இனமே ஒழியும் நிலைக்கு வந்த பிறகுதான், 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க அரசு தடை போட்டது. மாட்டின் சதையில் மிச்சமிருந்த துளி மருந்தே பல கிலோ எடையுள்ள கழுகைக் கொன்றது. கோழிக்கும் அது நஞ்சு என்று தெரிந்திருக்கும்போது காடைக்குக் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பறவைக்கு ஏற்ற வலி மருந்துகள் இருக்கின்றன. அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

‘மருத்துவரா? காடையின் விலை என்ன, ஆட்டோக் கூலி என்ன?’ இதுதான் ஆரம்பத்தில் நான் தள்ளிவைத்த கேள்வி. இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். கறிக்கும் முட்டைக்கும் நூற்றுக்கணக்கில் வளர்ப்பவருக்கு அந்தக் கணக்கு சரிதான். பலத்த அடிபட்டதை உடனே துன்பமில்லாமல் முடித்துவிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் வைத்து வளர்த்த பறவையைச் சந்தை விலையில் அளப்பது நம் வீட்டு நாயையும் அளக்காத அளவுகோல். அதைவிட முக்கியம், இதில் செலவு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அட்டைப்பெட்டி, வெந்நீர், உப்பு, இருட்டு ஆகியவற்றுக்குக் காசில்லை. அரசுக் கால்நடை மருந்தகத்தில் ஆன்டிபயாடிக் எழுதி வாங்கலாம். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. சின்னசேலத்தைத் தாண்டித் தலைவாசல் கூட்டுரோட்டில் 2021 முதல் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. காடையைப் பார்த்துப் பழக்கமில்லாத மருத்துவராக இருந்தால் தயங்காமல் இரண்டு விவரம் சொல்லுங்கள்: எந்தப் பிராணி கடித்தது, காடை எத்தனை கிராம். அளவை அவர் கணக்கிட்டுக்கொள்வார். மருந்துக் கடையில் நாமே ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலந்து வைப்பது மட்டும் கூடாது. நோயுற்ற பறவை தண்ணீரே குடிக்காது, மருந்தும் போய்ச் சேராது. கிருமிக்கு மருந்து பழகுவதுதான் மிச்சம். பண்ணைகளில் இப்படி அள்ளிக் கொட்டியதன் விளைவாகவே 2019-இல் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை மத்திய அரசு தடை செய்ய வேண்டி வந்தது. மருந்து ஓடும் நாட்களிலும் அதன்பின் மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் அந்தக் காடையின் முட்டையை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் இழுத்துக்கொண்டால், குடல் வெளியே வந்துவிட்டால், போராட வைக்காமல் முடித்துவிடச் சொல்லி மருத்துவரிடமே கேட்பது நல்லது.

இவ்வளவும் கூண்டுக் காடைக்கு. கரும்பு வெட்டும்போது காலில் அடிபட்ட காட்டுக் காடையோ கவுதாரியோ கிடைத்தால் சங்கதி வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். பெட்டியில் போட்டு வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் காலைப் பாருங்கள். பின்விரல் இல்லாமல் முன்னால் மூன்று விரல் மட்டும் இருந்தால் அது குறுங்காடை, வளர்ப்புப் பறவையே அல்ல.

மூன்றாம் நாள் ஒரு பயம் பிடிக்கும். அடிபட்ட இடம் பச்சையாகிவிட்டது, அழுகிவிட்டது என்று அலறுவார்கள். நமக்கு இரத்தக்கட்டு நீலமும் மஞ்சளுமாக மாறும்; பறவைக்குப் பித்தநீர் நிறமிதான் மிஞ்சுவதால் பச்சையாக மாறும். அது ஆறுவதன் அடையாளம். நாற்றம் வந்தாலோ தோல் கறுத்துக் காய்ந்தாலோதான் கவலைப்பட வேண்டும். உண்மையான நிலவரத்தைச் சொல்வது சமையல் தராசு. தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். 160 கிராம் 145-க்கு வந்தால், தின்கிறது என்று நீங்கள் நினைப்பது வெறும் கொத்தல்தான். எச்சத்தில் திடப்பொருள் இல்லாமல் பச்சைத் தண்ணீர் மட்டும் வந்தாலும் அதே செய்திதான். தீனிக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, உடைத்த காடைத் தீவனம், கிடைத்தால் கரையான். புண் ஆறப் புரதம் வேண்டும், வெறும் அரிசிக் குருணை ஆகாது. பெட்டைக் காடையானால் விளக்கு வெளிச்சத்தைக் குறைத்துப் பகலொளியோடு நிறுத்துங்கள். தினம் 14, 16 மணி நேர வெளிச்சம்தான் அதை முட்டையிட வைக்கிறது. சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஓட்டுக்குப் போனால் முறிந்த எலும்புக்கு என்ன மிஞ்சும்? பிடுங்கப்பட்ட இறகு சில வாரத்தில் முளைத்துவிடும், பாதியில் முறிந்தது அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியேதான் இருக்கும். சிவந்த புண் மறையும்வரை மற்றக் காடைகளோடு விடக் கூடாது. இரத்தத்தைக் கண்டால் கூடப்பிறந்ததே கொத்தித் தின்னும். பார்வையில் படும்படி வலைக்கு இந்தப் பக்கம் வைத்திருந்து, புண் மூடியபின் ஒரு சாயங்காலம் சேர்த்துவிட்டு அரை மணி நேரம் கூட நின்று பாருங்கள். சேவல் காடை உச்சந்தலையையே குறிவைத்தால் திரும்பவும் பிரித்துவிடுங்கள்.

கடைசியாக, வந்த பிராணியைப் பற்றி. கீரியும் மரநாயும் காட்டுப்பூனையும் உடும்பும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. விஷம் வைத்தால் முதலில் சாவது பக்கத்து வீட்டு நாயும் வயலுக்கு வரும் மயிலும். கீரிக்கு நம்மேல் பகை ஒன்றுமில்லை. தீனி கிடைத்த இடத்துக்குத் திரும்ப வரும், பெரும்பாலும் அடுத்த சில நாளுக்குள். அறுகோணக் கோழிவலை காடையை உள்ளே நிறுத்தும். கீரியை வெளியே நிறுத்தாது. பூனை கம்பியிடுக்கில் கையை விட்டுக் காலைப் பிடித்து இழுக்கும், பல கடிகள் கூண்டுக்கு வெளியிலிருந்தே நடக்கின்றன. ஆகவே கூண்டுக்கு வேண்டியவை: அரை அங்குல வெல்டு மெஷ், கூண்டின் அடியிலும் அதே மெஷ், இரட்டைத் தாழ்ப்பாள், தரையிலிருந்து இடுப்பளவு உயரம், இரவில் மூன்று பக்கமும் சாக்குத் திரை. கூரையை ஓர் அடிக்கு மேல் உயர்த்தாமல் உள்பக்கம் சாக்கைத் தளர்வாகக் கட்டிவிட்டால், மிரண்டு எகிறினாலும் மண்டை சாக்கில்தான் மோதும். பெட்டியில் இருக்கும் காடை ஆறி வருவதற்குள் இந்தக் கூண்டு வேலையை முடித்துவிட வேண்டும்.